சிறப்பு விருந்தினரின் முறை

காஸ்பரைக் கேரம் போர்டில் தோற்கடித்தவர் ஒரு குழாய் வியாபாரி. அவருக்குக் கேரம் ஆடத் தெரியாது. அவர் காஸ்பரைத் தோற்கடிக்கவும் இல்லை. ஆனாலும் சாந்தோமிலிருந்து அடையாறு வரை இந்தச் செய்தியைக் கேள்விப்படாத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது. ஒருவன் பெயர் கெடுவதற்கு எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. யாராவது மைக்கில் சொல்லிவிட்டால் போதும்.

காஸ்பர் அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் வாத்தியார். பகலில் பருவக்காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். சாயங்காலம் சாந்தோமில் தன் தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் போர்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அந்தத் தெருவில் அவனை ஜெயித்த ஆள் கிடையாது. மீன் வாங்க வந்தவர்கள், பூசைக்குப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்துப் பங்குக் கோயில் போட்டியில், போன வருஷக் கோப்பையை அவனிடமிருந்து வாங்கித் துடைத்து மறுபடி அவனிடமே கொடுப்பது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது.

ஆனால் தெருவில் ஜெயிப்பது கணக்கில் வராது. கணக்கில் வர வேண்டும் என்றால் அகில தென் சென்னை கேரம் வளர்ச்சிக் கழகம் நடத்தும் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அதில் ஜெயித்தவனை நாக்பூரில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு, நீல பனியன் கொடுத்து, ரயிலேற்றி அனுப்புவார்கள். காஸ்பருக்கு அந்த நீல பனியன் மேல் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கண். இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும். அப்புறம் மூத்தோர் பிரிவில்தான் ஆட முடியும். மூத்தோர் பிரிவைக் கழகம் நடத்துவதில்லை, ஏனென்றால் மூத்தோர் எல்லோரும் நிர்வாகத்தில் இருந்தார்கள்.

அகிலமும் தென் சென்னையும் ஒரே பெயருக்குள் எப்படி அடங்கும் என்று புவியியல் வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பனியனை நினைத்து அதைக் கேட்காமல் விட்டுவிட்டான்.

கழகம் தி.நகரில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் முன்னாள் தலைவர்களின் படங்கள். நடுவில் ஒரே ஒரு கேரம் போர்டு. அதன் மேல் ஒரு சரிகைத் துணி, துணியின் மேல் ஒரு பூச்சாடி. தலைவர் டாக்டர் நிரஞ்சன். டாக்டர் என்பது தபாலில் வந்த பட்டம். அதனால் யாருக்கும் உடம்பு குணமானதில்லை, யாருக்கும் கெட்டதும் இல்லை. நிர்வாகிகளில் கேரம் தெரிந்தவர் தலைமை நடுவர் ஹபீபுர் ரஹ்மான் ஒருவர்தான். அவர் மீர்சாகிப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில், ஆடுகிறவனின் முழங்கை நூலளவு நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர்.

தொடக்க விழாவுக்குக் காஸ்பரையும் சேர்த்து ஆட்டக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். மேடையில் இருந்த நாற்காலிகள் அதைவிட மும்மடங்கு. டாக்டர் நிரஞ்சன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த விளையாட்டுக்காக என் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறேன். ஆனால் இதுநாள் வரை ஒரு காயைக்கூட என் விரலால் தொட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தொட்டிருந்தால், தொட்டவன் தொடாதவன் என்ற பேதம் எனக்குள் வந்திருக்கும். நடுநிலை போயிருக்கும். எங்கள் செயற்குழுவில் ஒருவருக்கும் இந்த விளையாட்டு தெரியாது. அதுதான் எங்கள் பலம்."

ஹபீபுர் ரஹ்மான் இருமினார். அவரைச் செயற்குழுவில் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் காஸ்பருக்குப் புரிந்தது.

வரவேற்புரையின்போது ஓர் ஆட்டக்காரர் கிளம்பிப் போனார். முன்னிலை உரையின்போது இன்னொருவர். மூன்றாமவருக்கு அன்று சாயங்காலம் வேளச்சேரியில் நிச்சயதார்த்தம், அவருடையதே. வாழ்த்துரை வரை தாக்குப்பிடித்தார். கடைசியில் காஸ்பர் மட்டும் மிஞ்சினான். துணியை எடுத்து, பூச்சாடியை ஓரமாக வைத்து, போட்டோவுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும் என்று அவனைப் போர்டின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஹனீஃபா பாய். ஈக்காட்டுத்தாங்கலில் குழாய், ஷவர், வாஷ்பேசின் எல்லாம் மொத்த வியாபாரம். நல்ல மனுஷர். யார் கூப்பிட்டாலும் போவார். அன்றைக்கு மட்டும் அது அவருக்கு மூன்றாவது விழா. முதலில் பொன்னாடை போர்த்தினார்கள், பிறகு ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், எங்கே திருகுவது என்று தேடுகிற மாதிரி.

வழக்கம் என்னவென்றால், சிறப்பு விருந்தினர் ஒரு தட்டு தட்டுவார். காய்கள் சிதறும். கைதட்டுவார்கள். அவர் போனதும் காய்களை மறுபடி அடுக்கி நிஜ ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

ஹனீஃபா பாய் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். காய்கள் சிதறின. ரெட் மெதுவாக உருண்டு வலது மூலைக் குழியில் விழுந்தது. அதன் பின்னாலேயே, சொந்தக்காரர் வீட்டுக்கு வழி தெரியாமல் போகிறவனைப் போல, ஒரு வெள்ளைக் காயும் போய் விழுந்தது.

ஹபீபுர் ரஹ்மானுக்கு இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்காமல், பக்கத்தில் மைக் இருப்பது தெரியாமல், "ஃபாலோ!" என்றார். ரெட்டை எடுத்தவர் அதைத் தொடர்ந்து சொந்தக் காயும் எடுத்துவிட்டார், ரெட் அவருக்கே, அடுத்த அடியும் அவருக்கே என்று அர்த்தம். நடுவர் வாயால் வந்த சொல், மைக்கில் வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

நடுவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஹனீஃபா பாய் அப்படியே எடுத்துக்கொண்டார். ஃபாலோ என்றால் யாரையோ பின்தொடர வேண்டும். சுற்றிப் பார்த்தார். துணைச் செயலாளர் ஒருவர் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு காரில் வைக்கப் போய்க்கொண்டிருந்தார். ஹனீஃபா பாய் எழுந்து அவர் பின்னாலேயே போனார். மாடிப்படி இறங்கினார். தட்டு காருக்குள் போனது, அவரும் போனார். கார் நாலாவது விழாவுக்குப் போனது.

காஸ்பர் கொஞ்ச நேரம் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காய்களை அடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே!" டாக்டர் நிரஞ்சனின் குரல் மைக் இல்லாமலே கேட்டது.

காஸ்பர் பணிவாகத்தான் எடுத்துச் சொன்னான். அவர் சும்மா தொடங்கிவைத்தார் சார், இனிமேல்தான் ஆட்டம், காயை அடுக்கிவிட்டு யாரையாவது எதிரே உட்காரச் சொல்லுங்கள் என்றான். தலைவர் அவனை ஓரமாகக் கூட்டிப்போய் மேடைத் தமிழைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசினார்.

"இன்னா வாத்தியாரே, வெவரம் புரியாம பேசுறீங்க. அவரு அடிச்ச காய நாம எடுத்து அடுக்குனா, அவரு அடிச்சது அடியே இல்லன்னு ஆவும். கழகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு சீஃப் கெஸ்டு காய போட்டதே இல்ல. ரெட்ட வேற போட்டுக்கீறாரு. இப்போ அவரு முறை. வந்து அடிப்பாரு. நீங்க வெயிட் பண்ணுங்க."

"அவர் எப்போ வருவார் சார்?"

"பெரிய மனுசன். வர்றப்போ வருவாரு."

மறுவாரமே ஆட்டநிலைப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். காய்கள் நகர்ந்துவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். போர்டின் மேல் சாப்பாட்டு மேசைக்குப் போடும் வலைக்கூடையைக் கவிழ்த்தார்கள். ஒரு நாள் அந்த வலைக்குள் பல்லி ஒன்று எப்படியோ நுழைந்து ஒரு கறுப்புக் காயின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. விசாரணை நடந்தது. காய் நகர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும், நகர்ந்திருந்தாலும் அது விருந்தினருக்குச் சாதகமாகவே நகர்ந்திருக்கும் என்றும், பல்லியின் நோக்கம் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்றும் முடிவானது. விசாரணைக்கு வந்தவர்களுக்கு மின்விசிறி இல்லாத கூடத்தில் வியர்த்து ஊற்றியது. அதற்காக அவர்களுக்கும் ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள்.

இதற்குள் வீட்டு வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிற வட்டாரப் பத்திரிகையில், 'ஒரே அடியில் ஆசிரியரை வீழ்த்திய தொழிலதிபர்' என்று செய்தி வந்துவிட்டது. படத்தில் ஹனீஃபா பாய் சிரித்துக்கொண்டிருந்தார். காஸ்பரின் பாதி முகத்தைப் பூச்சாடி மறைத்திருந்தது. தெரிந்த பாதி, தோற்றவன் முகம் மாதிரிதான் இருந்தது. பாத்திரக்கடை வாசலில் இதே படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள்.

பள்ளியில், பருவக்காற்றுப் பாடத்தின் நடுவே ஒருத்தி எழுந்து, "சார், ஒரே அடியாமே?" என்று கேட்டாள். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, வெளியில் விளையாடுவது அவரவர் விருப்பம், ஆனால் பள்ளியின் பெயரைச் சொல்லித் தோற்க வேண்டாம் என்றார். தெருமுனையில் நிலைமை இன்னும் மோசம். போர்டைப் போட்டால், "வாத்தியாரே, ஒரு தட்டுத் தட்டிட்டு வந்துடறேன், கார் வெயிட்டிங்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். இத்தனை காலம் அவனிடம் தோற்ற ஒருவனும் ஒரு வார்த்தை அவனுக்காகப் பேசவில்லை. தோற்றவர்களின் ஞாபகசக்தி அப்படிப்பட்டது.

பியாட்ரிஸுக்கு எரிச்சல். அவள் காஸ்பரின் மனைவி, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேலையிலும் வீட்டிலும் சுற்றி வளைத்துப் பேசாதவள்.

"ஏங்க, ஆடாத ஆட்டத்துல தோத்துட்டு வந்து ஏன் சோறு திங்காம உக்காந்துனு கீறீங்க? ஆடித் தோத்திருந்தாலாவது நானும் அழுவேன்."

ஒரு சனிக்கிழமை காஸ்பர் ஈக்காட்டுத்தாங்கலுக்கே போனான். சுவரில் மாட்டிய குழாய்களுக்கும் ஷவர்களுக்கும் நடுவே ஹனீஃபா பாய் உட்கார்ந்திருந்தார். எந்தக் கேரம் என்று அவருக்கு நினைவில்லை. பழத்தட்டு மட்டும் ஞாபகம் இருந்தது. அதில் ஒரு அன்னாசிப்பழம் இருந்ததாம். விஷயத்தைக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் வந்து ஒரு தட்டுத் தட்டித் தவறவிட்டால் உங்கள் முறை வந்துவிடும், அவ்வளவுதானே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். காஸ்பருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். தவறவிடுவது அவ்வளவு சுலபம் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வந்ததும் அது விழா ஆகிவிட்டது. புதுப் பொன்னாடை, புது வரவேற்புரை. வலைக்கூடையைத் தூக்கியபோது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹனீஃபா பாய் தவறவிட வேண்டும் என்றுதான் தட்டினார். பாவம், ஒரு கறுப்புக் காய் போய் விழுந்தது. கறுப்பு காஸ்பருடைய காய். விருந்தினரின் முறை அதோடு முடிந்தது. காஸ்பர் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்ட்ரைக்கருக்குக் கை நீட்டினான்.

டாக்டர் நிரஞ்சன் மைக்குக்குப் பாய்ந்தார். "கறுப்பென்றும் வெள்ளையென்றும் பேதம் பார்க்காத பெருந்தகை! எல்லாக் காயும் எனக்கு ஒன்றே என்று இன்று உலகுக்குச் சொல்லிவிட்டார்! பேதம் பார்க்காதவருக்கு எந்தக் காய் விழுந்தாலும் அது அவர் காய்தான்!"

கைதட்டல் அடங்கும்போது விருந்தினர் படியிறங்கிவிட்டிருந்தார். அடுத்த விழா காத்திருந்தது.

அதற்கடுத்த வாரம் அவர் எந்தக் காயும் விழாதபடி பார்த்துத் தட்டினார். ஸ்ட்ரைக்கர் எதையும் தொடாமல் போய் ஓரத்துச் சட்டத்தில் முட்டி நின்றது. காய்கள் மேல் இரக்கம் காட்டினார் என்று தலைவர் உருகினார். துணைத்தலைவர் ஒருவர் 'கருணை அடி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்னொரு வாரம் ஸ்ட்ரைக்கரையே நேராகக் குழிக்குள் தள்ளிவிட்டார். தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அது மைனஸ் என்று. தன்னையே அர்ப்பணித்தார் என்று கழகம் பதிவுசெய்தது. கடைசியாக, வேறு வழி தெரியாமல், ஒரு வெள்ளைக் காயைப் போர்டுக்கு வெளியே பறக்கவிட்டார். அது ஜன்னல் வழியாகப் போய்ப் பாத்திரக்கடையில் ஓர் அண்டாவின் மேல் விழுந்து மணி அடித்தது. அதைத் தலைவர் சிக்ஸர் என்று அறிவித்தார்.

ஒவ்வொரு முறையும் விருந்தினர் தட்டும் நேரத்தில் ஹபீபுர் ரஹ்மான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் போர்டே தெரியாது. ஏன் பாய் இப்படி என்று காஸ்பர் தனியாகக் கேட்டான். "நான் பார்த்தா சொல்லணும், சார்" என்றார் அவர். "சொன்னா நடுவரா இருக்க முடியாது. அதான் பார்க்கறதில்ல."

இனிமேல் யாருக்கும் குழப்பம் வரக் கூடாது என்று ஒரு தீர்மானமே போட்டார்கள்: பொன்னாடை தோளில் இருக்கும்வரை அதைப் போர்த்தியிருப்பவரின் அடி தவறாது. ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டபோது காஸ்பர் கை தூக்கினான். விசிறி போட வேண்டும் என்று கேட்கிறான் என நினைத்து, முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியே நீல பனியனையும் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். முதுகில் பெயர் போட வேண்டும். ஹனீஃபா பாய்க்குக் கழகம் அதற்குள் கொடுத்திருந்த பட்டங்களையெல்லாம் போட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும் என்று தையல்காரர் சொன்னார். பட்டத்தில் எதை விடுவது என்று சண்டை. முடிவில் முதுகு நிறையப் பெரிய ஆங்கில எழுத்தில் 'சீஃப் கெஸ்ட்' என்று மட்டும் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

பனியன் கையில் வந்த அன்றைக்குத்தான் ஹனீஃபா பாய்க்கு விஷயம் உறைத்தது. அன்று சாயங்காலமே காஸ்பர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, என்னிய நாக்பூருக்கு அனுப்பப் போறாங்களாம். கமிட்டி ஆளுங்க ஏழு பேரு கூட வர்றாங்களாம். அங்க இந்தியா முழுக்க இருந்து ஆடறவன் வருவான். டி.வி.காரன் வருவான். என் சம்மந்தி வீட்டு ஆளுங்க வேற நாக்பூர்ல கீறாங்க. நான் ஸ்ட்ரைக்கர எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதவன். ஒரு தபா என்னியத் தோக்கடிச்சுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் எங்க பாய் தோக்கடிக்கிறது? எனக்கு முறையே வரலையே."

ஒருவரால் ஜெயிக்க முடியவில்லை. இன்னொருவரால் தோற்க முடியவில்லை. பதவியிலிருப்பவர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகாட்டுவதற்குத் திறமை வேண்டும்.

உள்ளே மீன் வறுத்துக்கொண்டிருந்த பியாட்ரிஸ் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அந்தப் பொன்னாட தோள்ல கீற வரைக்கும்தானே தப்பு ஆவாது? கழட்டிட்டு அடிங்க பாய். ஆபரேஷனுக்கு முன்னால எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் எல்லாத்தையும் கழட்டித்தான் உள்ள அனுப்புறோம்."

மேடையில் பொன்னாடையைக் கழற்றினால் அவமதிப்பு ஆகிவிடுமே என்று ஹனீஃபா பாய் பதறினார். இத்தனை விழாவுக்குப் போனவருக்கு அந்த இலக்கணம் தெரியும்.

"கழட்டுனாத்தான் அவமானம்" என்றாள் பியாட்ரிஸ். "இன்னொருத்தருக்குப் போத்திவுட்டா பெருந்தன்ம."

ஹனீஃபா பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கடையில் அத்தனை மேனேஜர்கள் இருந்தும் இப்படி ஒரு யோசனை இதுவரை வந்ததில்லை என்று சொல்லிவிட்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. நாக்பூருக்கு வழியனுப்பு விழாவையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். ஹனீஃபா பாய்க்கு இருப்பதிலேயே கனமான சரிகைப் பொன்னாடை போர்த்தினார்கள். டாக்டர் நிரஞ்சன், நாக்பூர் நடுங்குகிறது என்று தொடங்கினார். ஹனீஃபா பாய் எழுந்தார், மைக்கைக் கேட்டு வாங்கினார், எல்லாப் புகழும் இறைவனுக்கு என்றார், பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த காஸ்பருக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

கூடம் ஒரு விநாடி திகைத்தது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் பொன்னாடையைப் பார்த்தார். பொன்னாடை காஸ்பரின் தோளில் இருந்தது. மனிதர் சும்மா தலைவர் ஆகிவிடவில்லை. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, நிறுத்திய வாக்கியத்தின் நடுவிலிருந்தே தொடர்ந்தார்.

"...நடுங்குகிறது, ஏனென்றால் வருவது யார்? பருவக்காற்றின் பாதையை அறிந்தவர்! பாடம் நடத்துபவர்! எங்கள் அன்புக்குரிய..." பெயர் தெரியாமல் திரும்பினார். யாரோ காதில் சொன்னார்கள். "காஸ்பர் அவர்கள்! இப்போது அவர் முறை!"

இத்தனை வாரம் காத்திருந்த முறை. காஸ்பர் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்தான். ஓரத்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்த ஒரு கறுப்புக் காயை, எதிர்ச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை முட்டவைத்துத் திருப்பி, உரசி எடுத்துக் குழியில் போட்டான். தெருமுனையில் அப்படி ஒரு காய் போட்டால் ஆட்டோக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் அது ஸ்ட்ரைக்கர் நகர்வதற்கு முன்பே தொடங்கிவிட்டதை அவன் கவனித்தான்.

இரண்டாவது காய். அதே கைதட்டல், அதே அளவு. மூன்றாவதை அவன் வேண்டுமென்றே தவறவிட்டான், பார்வை இல்லாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி, சாண் அளவு தள்ளி. கைதட்டலில் துளி வித்தியாசம் இல்லை. கருணை அடி என்று துணைத்தலைவர் கண்கலங்கினார். ஹபீபுர் ரஹ்மான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோற்றுப்போனவன் என்று ஊர் சிரித்தபோதுகூடக் காஸ்பருக்கு இவ்வளவு கசந்ததில்லை. அப்போதாவது, ஒரு நாள் ஜெயித்துக் காட்டலாம் என்று இருந்தது. இப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நாக்பூர் போகலாம். ஹனீஃபா பாய்க்குப் பதிலாக இவன், அவ்வளவுதான். பொன்னாடைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது கழகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவன் பொன்னாடையை எடுத்தான். மடித்தான். ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கூடம் சட்டென்று அமைதியானது. எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார்கள். காஸ்பர் கடினமான ஒரு மூலைக் காயைக் குறிபார்த்து, நன்றாக முன்னால் சாய்ந்து, அடித்தான். காய் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதியில் ஒரு பழைய குரல் கேட்டது.

"ஃபவுல். முழங்கை கோட்டத் தாண்டிடுச்சு. ஒரு மைனஸ்."

ஹபீபுர் ரஹ்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் அதை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டு, விழுந்த காயை எடுத்துப் போர்டின் நடுவில் வைத்தார்.

காஸ்பர் அவர் பக்கம் திரும்பினான். "பாய், இன்னொரு தபா சொல்லுங்க."

"ஃபவுல்னா ஃபவுல்தான். தகராறு பண்ணாதீங்க. எதிராளி முறை."

எதிராளி ஹனீஃபா பாய். அவர் தோளிலும் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரைக்கரை வைத்துத் தட்டினார். அது எங்கேயோ போனது.

"மிஸ்" என்றார் நடுவர்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹனீஃபா பாய், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு அங்கே ஒரு கேரம் ஆட்டம் நடந்தது. கழகத்தின் கூடத்தில் முதல் தடவையாக. காய் விழுந்தால் விழுந்தது என்றும், விழாவிட்டால் இல்லை என்றும் ஒருவர் சொன்னார். மைனஸுக்கு மைனஸ் போட்டார். ஹனீஃபா பாய் தான் முன்பு தப்பாக அடித்த காயையெல்லாம் போர்டில் திருப்பி வைத்து, கற்றுக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார். ஒரு வெள்ளைக் காயை நியாயமாகவே போட்டு, அதற்காகக் காஸ்பரிடம் மன்னிப்பும் கேட்டார். பார்ப்பதற்குப் பொன்னாடை இல்லாததால் செயற்குழுவுக்குச் சலித்துப்போயிற்று. ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போண்டா சாப்பிடப் போனார்கள். காஸ்பர் கடைசிக் காயைப் போட்டபோது கூடத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் காலி நாற்காலிகளைப் பார்த்து, சத்தமாக, வெற்றி காஸ்பர் என்று அறிவித்தார். யாரோ மின்விசிறியையும் போட்டுவிட்டார்கள்.

டாக்டர் நிரஞ்சன் போண்டாவும் கையுமாக வந்து விஷயம் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். நாக்பூருக்கு ஏழு டிக்கெட் போட்டாகிவிட்டது. யாராவது ஒரு ஆட்டக்காரர் போகாவிட்டால் அந்த ஏழு பேர் போக முடியாது. காஸ்பர் நம் கண்டுபிடிப்பு என்று அந்த இடத்திலேயே உரையாற்றினார்.

அந்த வாரம் சாந்தோம் தெருமுனையில் காஸ்பரிடம் தோற்றவர்கள் எல்லோரும், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். பியாட்ரிஸ் அவனுக்கு வறுத்த மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ரயிலில் கமிட்டி ஆளுங்களுக்குக் கொடுக்காதீங்க என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பனியன் தைத்தாகிவிட்டது. முதுகில் எழுத்தை மாற்ற வேண்டும் என்றால் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்றார்கள். பரவாயில்லை, பனியன் நீலம்தானே என்று காஸ்பர் மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

நாக்பூர் அரங்கத்துக்குள் நுழைந்து, தன் போர்டு எங்கே என்று அவன் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் அவன் முதுகைப் படித்துவிட்டு ஓடினார். ஓடினவர் நாலு பேரோடு திரும்பி வந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், ஒருவர் பூங்கொத்து. தனக்குத் தெரிந்த இந்தியில் காஸ்பர், நான் பிளேயர், நான் பிளேயர் என்றான். என்ன எளிமை என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அவன் தோளில் கனமாக ஏதோ விழுந்தது, தொட்டுப்பார்த்தான், சரிகை. நடு அரங்கத்துப் போர்டின் முன் உட்காரவைத்துக் கையில் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தார்கள். எதிரே ஒரு ஒல்லியான பையன், போட்டோவுக்காக உட்காரவைக்கப்பட்டவன், பாதி முகம் பூச்சாடிக்குப் பின்னால்.

காஸ்பர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைக்கக் கையை நீட்டினான். வைப்பதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.